பதினேழாம் நம்பர் வேடிக்கை

கிருஷ்ணகிரி
18-8-1955

அன்புள்ள சென்னிக்கு,

உன் வீட்டுக்காரன் சம்பங்கி எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று எழுதினால் "நான் இல்லாமல் சுகமா?" என்பாய். சுகமில்லை என்று எழுதினால் "நடிக்காதீர்கள்" என்பாய். ஆகையால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உனக்கு மழைக்காலத்து இருமல் வந்துவிட்டதா?

குந்தாரப்பள்ளியில் எங்கள் நாடகம் பார்த்தாய். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாமல்பட்டிக்குப் போனாய். இரண்டு மாசமாகவா ஒரு அம்மாவைப் பார்ப்பார்கள்? சந்தையில் எவனாவது "பபூன் பொண்டாட்டி போறா பார்" என்று சிரித்திருப்பான். அதற்காகவா? பபூனுக்கு வாழ்க்கைப்பட்டால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள், சென்னி.

இப்போது ஒரு சங்கடம். பங்குனித் தேருக்கு ஓசூரில் நாடகம் போட எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷைக் குடும்பங்களும் வரும். பெண்கள் பாதிக் கொட்டகை உட்காருவார்கள். "பபூன் பேச்சில் யார் மனசும் கோணக்கூடாது" என்பது அவர்கள் போட்ட கண்டிஷன். அதோடு புதுச் சட்டப்படி, மேடையில் பேசுகிற பேச்செல்லாம் முன்கூட்டியே எழுதிப் போலீசில் கொடுத்து சீல் வாங்க வேண்டுமாம். பெருமாள் வாத்தியார் கம்பெனி முதலாளி, அவருக்கென்ன, "எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வருஷமாக வாயில் வந்ததைப் பேசிக்கொண்டிருந்தவன் நான். நோட்டு வாங்கி உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரமாட்டேன் என்கிறது.

எப்படியோ இருபத்திரண்டு வேடிக்கைகளை நம்பர் போட்டு எழுதிவிட்டேன். நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தப்புத் திருத்தி அனுப்பு. கம்பெனிச் சமையல்காரர் தினமும் பூசணிக்காய்க் குழம்பு ஊற்றுகிறார், உன் கைப்பக்குவம் வராது. நீ அதை வைத்தே மூன்று வருஷம் இருக்குமே?

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்த்து வாசலைப் பெருக்காமல் வைத்திருக்கும்
சம்பங்கி


சாமல்பட்டி
2-9-1955

மாமாவுக்கு நமஸ்காரம்.

நான் சுகம். அம்மாவும் சுகம். இருமல் இல்லை. வாசலைப் பெருக்குங்கள்.

நோட்டு வந்தது. எழுத்துப் பிழை நூற்றுப்பதினாறு, எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். திருத்தும்போது எண்ணினேன். இருபத்திரண்டில் பத்தொன்பது என்னைப் பற்றி. நீங்கள் பேசும்போது கேட்டவள்தான். ஆனால் வரிசையாக எழுத்தில் பார்த்தபோது, இவ்வளவு கெட்ட பெண்பிள்ளை யார் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

யார் மனசும் கோணக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என் மனசும் அதில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டு நாலை அடித்திருக்கிறேன்.

3. நான் குறட்டை விட்டால் குந்தாரப்பள்ளி சந்தை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதாக இருக்கிறது. நம் வீட்டில் குறட்டை விடுவது யார் என்று பக்கத்து வீட்டு ராஜாத்திக்குத் தெரியும். பொய். அடித்துவிட்டேன்.

7. நான் கிண்டிய களியில் கட்டை நிற்கும், நான் சாய்ந்துவிடுவேன் என்பது. கெட்டியாக இருந்தால்தான் களி. அடுத்த வேளை நீங்களே கிண்டிப் பாருங்கள்.

14. என் நிறத்தைப் பற்றியது. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் என் நிறம்தான் இருப்பார்கள். ஆண்கள் சிரிப்பார்கள், அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

17. அடித்துவிட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் அதில் நான் மூன்று தப்புக் கண்டுபிடிப்பேன் என்கிற பதினொன்றாம் நம்பர் உண்மை. அது இருக்கட்டும்.

சென்னம்மாள்


கிருஷ்ணகிரி
20-9-1955

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அடியேன் சம்பங்கி பெஞ்சுமேல் ஏறி நின்று எழுதிக்கொள்வது. மூன்று, ஏழு, பதினான்கு போனதில் எனக்கு வருத்தமில்லை. களி நானே கிண்டினேன். கட்டையும் நிற்கவில்லை, களியும் நிற்கவில்லை, கஞ்சி என்று சொல்லிக் குடித்தேன்.

ஆனால் பதினேழுக்கு நீ காரணமே எழுதவில்லை. பெருமாள் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய் சம்பங்கி, ஜனங்க அதுக்காகத்தான்டா வராங்க. அத எடுத்துட்டா நீ மீசை ஒட்டிக்கினு ராஜா வேஷம் கட்டப் போ" என்றார். அவரே தன் கையால் பதினேழைத் திரும்ப எழுதிச் சேர்த்துப் போலீசில் கொடுத்துவிட்டார்.

அங்கே நடந்ததைக் கேள். ஸ்டேஷன் ரைட்டர் சிவப்பு மசியை வைத்துக்கொண்டு வாசித்தார். தாசில்தார் ஜீப்பைப் பற்றியது ஒன்று, ரேஷன் அரிசியைப் பற்றியது ஒன்று, மூன்று பாஷைக்காரர்கள் ஒரு மாட்டுக்குப் பேரம் பேசுவது ஒன்று. மூன்றையும் அடித்தார். மாகாண எல்லை விவகாரம் பேசுகிற காலத்தில் பாஷையைத் தொடாதே என்றார். ஆக, உன்னைப் பற்றி இல்லாத மூன்றும் போச்சு. உன்மேல் அரசாங்கத்துக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, சென்னி. பதினேழுக்கு வந்ததும் மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து சீல் போட்டார்.

அதில் என்னதான் தப்பு? உன் கண்ணால் இன்னொரு தரம் பார்:

"நாலு மாசம் கழிச்சு வூட்டுக்குப் போறன். உத்தரத்துல தூளி தொங்குது. அடடா, நாம ஊர்ல இல்லாதப்ப சிங்கக்குட்டி வந்துட்டான்டான்னு, சத்தம் போடாம போயி வெலக்கிப் பாக்கறன். உள்ள பூசணிக்கா! ஏன்டி சென்னி, இது யாரு சாடைன்னன். ஒங்க சாடைதான், தலையப் பாருங்கன்னா."

கெட்ட வார்த்தை உண்டா? சாமியை, சாதியை, சர்க்காரைத் தொட்டிருக்கிறதா? வாத்தியாருக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணம் எழுது. அத்தைக்கு என் வணக்கம்.

உன்
சம்பங்கி


காவேரிப்பட்டினம்
18-11-1955

அன்புள்ள சென்னிக்கு,

இரண்டு மாசமாக உன் பதில் இல்லை. தீபாவளிக்கு நீ வருவாய் என்று எண்ணெயும் சீயக்காயும் வாங்கி வைத்திருந்தேன். ராஜாத்தி வந்து "அண்ணி எப்ப வருது?" என்று கேட்டாள். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தைக்கு ஒன்றுமில்லையே? ஒரு கார்டாவது போடக்கூடாதா?

உன்னிடம் மறைத்தால் என் வாய் அழுகிவிடும். போன வாரம் இங்கே பதினேழைச் சொன்னேன். கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். சீல் போட்டது, வாத்தியார் சொன்னது, ஜனங்கள் கேட்டது எல்லாம் சரி. இறங்கி வந்தபோது மட்டும் குந்தாரப்பள்ளியில் பெண்கள் பக்கத்தில் நீ எழுந்து போனது ஞாபகம் வந்தது. அன்றைக்கு உனக்குத் தலைவலி என்று நினைத்தேன். எந்த வேடிக்கையில் எழுந்து போனாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

எழுது சென்னி. திட்டியாவது எழுது.

சம்பங்கி


சாமல்பட்டி
27-11-1955

மாமாவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம்தான். நீங்கள் காரணம் கேட்டீர்கள். ஒரு தரம் எழுதுகிறேன். இன்னொரு தரம் கேட்கக்கூடாது.

மூன்று வருஷத்துக்கு முந்தின அந்த ஐப்பசியில் நீங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாடகத்தில் இருந்தீர்கள். குழந்தை பதினோரு நாள் இருந்தான். உங்களுக்குப் போட்ட கடிதம் கம்பெனி போன ஊரெல்லாம் பின்னாலேயே அலைந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கிடைத்தது. நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் பெயரும் வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அம்மா தூளியை அவிழ்க்க வந்தாள். நான் விடவில்லை. அடைமழைக் காற்று. கதவைச் சாத்தினாலும் ஓட்டுச் சந்தில் காற்று புகுந்து அந்தத் துணி வெறுமனே ஆடிக்கொண்டே இருந்தது. அவிழ்க்கவும் மனசு வரவில்லை, வெறுமனே ஆடுவதைப் பார்க்கவும் முடியவில்லை. மூலையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. எடுத்து உள்ளே வைத்தேன். கனம் ஏறியதும் தூளி நின்றது. கையில் தூக்கும்போது அவன் கனம்தான் இருந்தது. அதற்காகத்தான் வைத்தேனோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சேதி தெரிந்து, இருபது நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். விலக்கிப் பார்த்து, "என்னடி இது?" என்றீர்கள். "எலித் தொல்லை, அதான் மேலே வைத்தேன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். அதில் என் தப்பும் இருக்கிறது. நீங்கள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று அன்றைக்கெல்லாம் காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அது மேடைக்கு வந்துவிட்டது என்று ராஜாத்தி சொன்னாள். நான் நம்பவில்லை. குந்தாரப்பள்ளியில் என் காதால் கேட்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் சிரித்துச் சிரித்து என் மடிமேல் சாய்ந்தாள்.

அந்த ஐப்பசியிலிருந்தே நான் பூசணிக்காய் நறுக்குவதில்லை. வாத்தியாரிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

சென்னம்மாள்


ராயக்கோட்டை
2-1-1956

சௌபாக்கியவதி சென்னம்மாளுக்கு, நாடகக் கம்பெனி பெருமாள் வாத்தியார் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு கம்பெனியார் அனைவரும் இறைவன் அருளால் நலம், ஒருவனைத் தவிர.

அம்மா, உன் புருஷனுக்கு நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் சொல்லமாட்டேன் என்கிறான். மார்கழி பிறந்த வாரம் இங்கே மேடை ஏறினான். ஜனங்கள் "பூசணிக்கா! பூசணிக்கா!" என்று கத்தினார்கள். கும்பிட்டபடி நின்றான். உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து மேடை ஏறவில்லை. சாமான் வண்டியில் ஏற்றுவது, திரை இழுப்பது, இதுதான் செய்கிறான். சோறும் சரியாக இறங்குவதில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய்தான் அவன் பிழைப்பு. பங்குனிக்குள் அவன் பேசாவிட்டால் ஓசூருக்கு நான் வேறு பபூனைத்தான் கூட்டிப் போகவேண்டும். போனால் அப்புறம் அவனுக்குக் கம்பெனியில் இடம் இருக்காது. பதினேழை அவன் அடித்துவிடட்டும், நான் தடுக்கவில்லை. அன்றைக்கு என் கையால் அதைச் சேர்த்ததற்கு என்னையும் பொறுத்துக்கொள். அவனைப் பேசச் சொல்லி ஒரு வரி எழுது, அம்மா.

ஆசீர்வாதத்துடன்
பெருமாள்


சாமல்பட்டி
7-1-1956

மாமாவுக்கு நமஸ்காரம்.

இங்கே இருவரும் சுகம். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ராயக்கோட்டைப் பனி உங்களுக்கு ஆகாது, காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டில் நாலைத்தான் அடித்தேன். வாயையே மூடச் சொல்லவில்லை. உங்களுக்கு அரைகுறை என்பதே கிடையாது. பேசினால் ஊர் முழுக்கப் பேசுவீர்கள், இல்லாவிட்டால் ஊமை வேஷம்.

என்னைப் பற்றிப் பத்தொன்பது வைத்திருந்தீர்களே, உங்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. குறைகிற இடத்துக்கு நான் ஒன்று எழுதுகிறேன். நன்றாக இல்லாவிட்டால் நீங்கள் அடித்துக்கொள்ளலாம்:

"எங்க வூட்டு மாமா ஊரையே சிரிக்க வெக்கறவரு. வூட்டுக்கு வந்தா மூணே வார்த்தைதான். சோறு, தண்ணி, தூக்கம். நாலாவது வார்த்தை கேக்கணும்னா நானும் சீட்டு வாங்கிக்கினு கொட்டாய்க்குத்தான் வரணும்."

பொங்கலுக்கு வேஷ்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்புகிறேன்.

சென்னம்மாள்


கிருஷ்ணகிரி
25-1-1956

என் சென்னிக்கு,

வேஷ்டி வந்தது. கட்டிக்கொண்டேன். சாப்பிடுகிறேன். நீ எழுதியதை எட்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை, அவ்வளவும் நிஜமாக இருந்தது.

நாலாவது வார்த்தையை எழுதுகிறேன். நேரில் வராது, அதனால் கடிதத்தில்.

நீ எலி என்றாய். நான் நம்பவில்லை. அன்றைக்குத் தூளியிலிருந்து அந்தக் காயை நான் தூக்கிப் பார்த்தேன், நீ அடுப்பங்கரையில் இருந்தாய். காய்க்கு அடியில் சின்னதாக மடித்து ஒரு துணி இருந்தது. மஞ்சள் கறை இருந்தது. பால் வாசனை இருந்தது. எலிக்குப் பயந்து காயை மேலே வைக்கிறவள் அதற்குப் படுக்கை போடுவாளா? நீ அதை ஏன் வைத்தாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, சென்னி. காயைத் திரும்ப அதே மாதிரி வைத்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தேன்.

அந்தத் துணியை மேடையில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அது சிரிப்பாகிவிட்டது. போலீசுக்கும் வாத்தியாருக்கும் முன்னால் நானே அடித்த வரி அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்பார்கள். நான் அதை ஊருக்கு முன்னால் தூக்கிக் காட்டியே மறைத்தேன். ஐந்நூறு பேர் சிரித்தால் அது நடக்கவில்லை என்று தோன்றும். இறங்கி வந்தால் மறுபடியும் நடந்திருக்கும். அதனால் மறுநாளும் சொன்னேன். நீ அங்கே உட்கார்ந்து கேட்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அது என் பாவம்.

அவன் யார் சாடை, சென்னி? மேடையில் நூறு தரம் கேட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு தரமும் கேட்கவில்லை.

புது நோட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். நீ எழுதியதுதான் முதல் நம்பர். பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு போட்டிருக்கிறேன். அந்த நம்பரை வேறு வேடிக்கைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. தப்புத் திருத்தி அனுப்பு.

சம்பங்கி


ஓசூர்
20-3-1956

அன்புள்ள சென்னிக்கு,

நலம். நீயும் அத்தையும் நலம் என்று தெரிந்துகொண்டேன். கடிதம் வந்து அல்ல. நோட்டு மட்டும் திரும்பி வந்தது, உள்ளே ஒரு வரி இல்லை. ஆனால் எழுபது தப்பு திருத்தியிருந்தாய். எழுத்து கோணாமல் திருத்தியிருந்தாய். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சீல் வாங்கப் போனோம். அதே ரைட்டர். "பதினேழு எங்கய்யா? நல்லாத்தான இருந்துச்சு, நாங்க அடிக்கலையே!" என்றார். "வூட்ல அடிச்சிட்டாங்க சார்" என்றேன். மனுஷன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குத்திக் கொடுத்தார்.

தேர் முடிந்த மறுநாள், இருபத்தேழாம் தேதி, நாடகம். மேடை ஏறி மூன்று மாசமாகிறது. பின்வரிசையில் எவனாவது பழையதைக் கேட்டுக் கத்துவான். நோட்டில் இல்லாததைப் பேசக்கூடாது என்று சட்டம். என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை வரச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்னை நினைத்துக்கொள்.

சம்பங்கி


சாமல்பட்டி
30-3-1956

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னி எழுதிக்கொள்வது. அம்மா சுகம், பஸ்ஸில் போய்வந்ததில் முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. ஆமாம், போய்வந்தோம். பெண்கள் பக்கம் நாலாவது வரிசை, சீட்டு வாங்கித்தான் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு கன்னடக்கார அம்மாள் உயரமாக உட்கார்ந்திருந்ததால் உங்களுக்கு நான் தெரிந்திருக்கமாட்டேன்.

நீங்கள் மெலிந்துவிட்டீர்கள். குல்லா காதுவரை இறங்குகிறது.

நான் எழுதியதை நீங்கள் சொன்னபோது ஆண்கள் பக்கத்தைவிடப் பெண்கள் பக்கம்தான் அதிகம் சிரித்தது. முன்னால் இருந்த அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கன்னடத்தில் அர்த்தம் சொன்னாள். அந்த அம்மாள் "நம் மனேலூ ஹாகே", எங்கள் வீட்டிலும் அப்படித்தான், என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதை எழுதியவள் பின்னால் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அப்புறம் பின்னாலிருந்து கத்தினார்கள். "பூசணிக்கா எங்கய்யா?" என்றார்கள். நான் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டேன். அம்மா எழுந்துவிடலாமா என்று என்னைப் பார்த்தாள். நீங்கள் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"அது எங்க வூட்டுதுங்க. வூட்டுலயே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. நீங்கள் குல்லாவைப் போட்டுக்கொண்டு பதினெட்டாம் நம்பருக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது சீல் போட்ட நோட்டில் இல்லாதது. திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் வந்து உங்களைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அழுத முகத்தோடு உங்கள் கம்பெனிக்காரர்கள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது.

ஜனவரியில் ஒன்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. உங்கள் சாடைதான். மூக்கு உங்களுடையது. வலது காது மட்டும் உங்களுக்கு இருப்பதுபோலவே கொஞ்சம் மடங்கியிருந்தது. அழுதால் ஊர் கேட்கும். உங்கள் குரல்தான் என்று அம்மா சொல்வாள். இன்னும் இருக்கிறது, நேரில் சொல்கிறேன். அந்தத் துணி என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அம்மா சொல்கிறாள். கோபித்துக்கொண்டு வந்தவள் தானாகத் திரும்பினால் ஊர் நாலு விதமாகப் பேசும். ஆகையால் முறைப்படி நீங்கள் வந்து கூப்பிடுங்கள். பூவும் பழமும் எப்படியும் கொண்டுவருவீர்கள். அதோடு காவேரிப்பட்டினம் சந்தையில் ஒரு பூசணிக்காயும் வாங்கி வாருங்கள்.

கனம் பார்த்து எடுக்க வேண்டாம். குழம்புக்குத்தான்.

உங்கள்
சென்னி